ஓட்டைக்கு எத்தனை மதிப்பெண்?

தெற்கு கொல்கத்தாவின் டாக்குரியாவில், 2011 டிசம்பர் 9ஆம் தேதி விடிவதற்கு முன், ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. கார்கள் நிற்க வேண்டிய இடத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் குவிந்திருந்தன. தீயைவிட வேகமாகப் புகை ஏ.சி. குழாய்கள் வழியே மேல்மாடிகளுக்கு ஏறியது. ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள். அவர்களை மீட்கப் போன கேரள நர்ஸ்கள் இருவரும் திரும்பவில்லை.

அந்தக் கிடங்கு யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. அதைக் காலி செய்யும்படி தீயணைப்புத் துறை சில மாதங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. செய்வதாக நிர்வாகமும் உறுதியளித்திருந்தது. குறை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கடுமைதான் கணிக்கப்படவில்லை.

இந்தக் கணிப்போடு தினமும் மல்லுக்கு நிற்பவர்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்கள். இணையதளங்களில் புதிது புதிதாக ஓட்டைகள் தெரியவருகின்றன. எதை இன்றிரவே அடைக்க வேண்டும், எது அடுத்த மாதம் வரை பொறுக்கும்? இதற்கென 2005இல் சி.வி.எஸ்.எஸ். என்ற பொது அளவுகோல் வந்தது. உள்ளே நுழைவது எவ்வளவு எளிது, பாஸ்வேர்டு வேண்டுமா, நுழைந்தவர் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம், எதை முடக்கலாம் என்று கேட்டு 10க்கு இத்தனை என மதிப்பெண் போடுகிறார்கள். 9ம் அதற்கு மேலும் என்றால் மிகமிக ஆபத்து.

ஆனால் இந்த எண் ஓட்டையின் ஜாதகம் மட்டுமே. அது இருக்கும் வீட்டின் ஜாதகமல்ல. இணைய முகவரியில் ஓர் இலக்கத்தை மாற்றினால் அடுத்தவர் பக்கம் திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோலப் போட்டி நடத்தும் தளத்தில் அடுத்தவர் போட்ட கோலம் தெரியும். ரத்தப் பரிசோதனை முடிவு தரும் தளத்தில் அடுத்தவர் நோய் தெரியும். ஓட்டை ஒன்றுதான், கடுமை ஒன்றல்ல. இடத்துக்கேற்ப மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ள அந்த அளவுகோலிலேயே வழி உண்டு. பலரும் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை.

2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. பல நாட்கள் பதிவு வேலைகள் கையெழுத்தில் நடந்தன. நெட்வொர்க் சரியாகப் பிரித்துத் தடுக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. டாக்குரியாவில் புகைக்குக் கிடைத்த குழாய், டில்லியில் தாக்கியவர்களுக்கு நெட்வொர்க்காகக் கிடைத்தது.

ஆகவே, ‘வெறும் 6தானே’ என்று ஃபைலை மூடும் அதிகாரி இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். இந்த ஓட்டை வழியே வருவது எங்கே போய்ச் சேரும்? அங்கே இருப்பவர்களால் எழுந்து ஓட முடியுமா? பதில் சரியில்லை என்றால் 6ம் 10தான்.