அமெரிக்கா நினைத்தால் நடக்கும் என்பது பொய்

"அமெரிக்கன் நினைச்சால் ஒரு கிழமையில எல்லாத்தையும் முடிப்பான்." வெள்ளவத்தைச் சந்தையடியிலும் கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடைகளிலும் இந்தப் பேச்சு ஓய்ந்ததே இல்லை. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் அமர்வு நெருங்கினால் குரல் இன்னும் உயரும். சொல்பவர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் மீதுள்ள மரியாதையோடுதான் இதை மறுக்கிறேன். இந்த நம்பிக்கை அவர்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்கா கண்டித்தால் கொழும்பு பயப்படும் என்பார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பொலிஸார் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளுக்குள் புகுந்தார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போகக் கடவுச்சீட்டோடு காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்த பொடியன்கள் என்று 370க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றினார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லையாம். பெரும்பாலானோர் வவுனியாவில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அமெரிக்கத் தூதரகம் கண்டித்து அறிக்கை விட்டது உண்மை. ஆனால் வெளியேற்றத்தை நிறுத்தியது அந்த அறிக்கை அல்ல. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட மனுவில், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே கொழும்பில், இலங்கைச் சட்டத்தை வைத்து வாங்கிய உத்தரவு அது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்ததும் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது ஜெனீவா. மனித உரிமைகள் பேரவையில் அமெரிக்கா வைத்ததுதான் சட்டம் என்று நம்புகிறோம். இலங்கை பற்றிய 2012, 2013, 2014 தீர்மானங்களை அமெரிக்கா முன்னின்று கொண்டுவந்தது. கிடைத்த வாக்குகள் முறையே 24, 25, 23. மொத்த உறுப்பினர்கள் 47 பேர். மூன்றாவது முறை பாதியைக்கூடத் தொடவில்லை, இந்தியாவும் ஒதுங்கிக்கொண்டது. 2015இல் இலங்கையே இணை அனுசரணை வழங்கிய 30/1 தீர்மானத்தில் வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்பு எழுதப்பட்டது. ஒரு வெளிநாட்டு நீதிபதியும் வந்து அமரவில்லை. 2018 ஜூனில் பேரவை இஸ்ரேலுக்குப் பாரபட்சம் காட்டுகிறது என்று அமெரிக்கா வெளியேறியது. நமக்காகக் கோபித்துக்கொண்டு போகவில்லை. 2020இல் கோட்டாபய அரசு இணை அனுசரணையிலிருந்து விலகியது. போர்க்காலக் குற்றங்களுக்கான சாட்சியங்களைத் திரட்டும் பொறிமுறையை உருவாக்கிய 46/1 தீர்மானம் 2021 மார்ச்சில், பிரித்தானியா முன்னின்று நடத்த, நிறைவேறியது. அப்போது அமெரிக்காவுக்கு அந்த அவையில் வாக்கே கிடையாது. 2025இல் ட்ரம்ப் மீண்டும் பேரவையைக் கைவிட்டார்.

பயணத்தடை போட்டார்களே என்பது மூன்றாவது வாதம். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 2008இலும் 2009இலும் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட பதினொரு பேரின் விடயத்தில், கடற்படைப் புலனாய்வு அதிகாரி ஒருவருக்கு 2021 டிசம்பரில் அமெரிக்கா தடை விதித்தது. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு 2023 ஏப்ரலில் விதித்தது. குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்தப் பெயர்கள் பகிரங்கமானதே ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தடை வந்த நாளில் கரன்னாகொட வடமேல் மாகாண ஆளுநர். அவர் மீதான குற்றப்பத்திரத்தைத் தொடர்வதில்லை என்று சட்டமா அதிபர் 2021இலேயே நீதிமன்றத்துக்கு அறிவித்திருந்தார். விசா மறுக்கலாம், குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வாஷிங்டனால் முடியாது. அந்தப் பதினொரு பேர் கொழும்பிலும் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலும் அடைத்து வைக்கப்பட்டதைத் தொலைபேசிப் பதிவுகளைத் துருவித் துருவி வெளிக்கொண்டு வந்தவர்கள் நமது குற்றப் புலனாய்வுத் திணைக்கள அதிகாரிகள். அவர்களில் முக்கியமான ஒருவருக்கு 2019 நவம்பரில் நாட்டைவிட்டே போக நேர்ந்தது.

கடைசியாக, காசு. கடன்பட்ட நாடு சொன்னதைக் கேட்கத்தானே வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவின் மிலேனியம் சவால் கூட்டுத்தாபனம் (எம்.சி.சி.) தர முன்வந்த 480 மில்லியன் டொலர் உதவியை இலங்கை ஏற்காமல் இழுத்தடிக்க, 2020 டிசம்பரில் அமெரிக்காவே அதை நிறுத்திக்கொண்டது. சர்வதேச நாணய நிதியத்தில் அமெரிக்காவின் பங்கு பெரியதுதான். ஆனால் 2023இல் வந்த சுமார் மூன்று பில்லியன் டொலர் திட்டம் வரி, மின்கட்டணம், கடன் மறுசீரமைப்பு பற்றியது. காணாமல் போனவர்களைப் பற்றியது அல்ல. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதம் என்று அறிவித்து, பிறகு 20க்கு இறக்கிய தீர்வையும் அமெரிக்காவின் வர்த்தகக் கணக்கு. அந்த அடி விழுந்தது ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் மீது.

அமெரிக்காவின் பலம் பொய்யல்ல. அது தன் நலனைப் பார்த்து அசையும். சில வேளை நம் பக்கம் வரும், பல வேளை விலகும். காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் அலைந்த பதினைந்து வருடத்துக்கு மேலான காலத்தை இன்னொருவரின் தேர்தல் முடிவுக்கு அடகு வைக்க நமக்கு உரிமையில்லை. அந்தப் பதினொரு பேருக்கும் இன்னும் நீதி கிடைக்கவில்லை. வெள்ளவத்தையில் சட்டத்தரணிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பஞ்சமில்லை. அடுத்த ஜெனீவா அமர்வுக்கு அமெரிக்கா என்ன சொல்லும் என்று கேட்குமுன், அந்தப் பதினொரு பேரின் வழக்கு அடுத்து எப்போது அழைக்கப்படுகிறது என்று விசாரியுங்கள். அன்றைக்கு அந்தத் தாய்மாரோடு நீதிமன்றத்துக்குப் போங்கள்.