நாடகப் படிப்பு யாருக்குச் சொந்தம்?

“நாடகம் படிக்க ஒரு கல்லூரியா? கூத்தாடக் கற்றுக்கொள்ள நான்கு வருஷமா? பணம் கொழுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு என்ன வேலை?”

அமெரிக்காவில் கலைக் கல்லூரிகளில் நாடகத்தைப் பாடமாக வைத்துப் பட்டம் கொடுக்கிறார்கள் என்று சொன்னால், ஆலைத் தொழிலாளியும் வயலில் பாடுபடும் விவசாயத் தொழிலாளியும் இப்படித்தான் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதி நியாயம்தான். மறு பாதியை எடுத்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில், ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். ‘லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி’ என்று அங்கே சொல்லப்படுவது ஒரு தொழிலுக்குத் தயார் செய்யும் பள்ளி அல்ல. இலக்கியம், சரித்திரம், தத்துவம், விஞ்ஞானம், இசை, நாடகம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வைத்து, மனிதனைச் சிந்திக்கப் பழக்குவதே அதன் நோக்கம் என்கிறார்கள். நல்ல நோக்கம்தான். யாருக்கு அந்தப் பாக்கியம் என்பதே கேள்வி. நியூயார்க் மாகாணத்தில் உள்ள வாஸர் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1861ல் பீர் காய்ச்சி விற்றுப் பணம் சேர்த்த ஒரு முதலாளி பெண்களுக்காக நிறுவிய கல்லூரி அது. ஆண்களையும் சேர்க்கத் தொடங்கியது 1969ல்தான். இன்று அங்கே படிப்புச் சம்பளம், சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் அந்தக் கல்லூரியின் வாசல் குறுகலானது. அதில் நுழைகிறவர்கள் சிலரே.

ஆகவே, “இது பணக்காரர் படிப்பு” என்று ஒரு தொழிலாளி சொன்னால் நாம் மறுக்க மாட்டோம். ஆனால், “ஆகையால் இது நமக்கு வேண்டாம்” என்று அடுத்த வார்த்தை வருமானால், அங்கே நின்று மறுப்போம். அதே வாஸர் கல்லூரியின் நாடக மேடையில் நடந்த ஒரு சம்பவமே நம் மறுப்புக்குச் சாட்சி.

ஹாலி பிளானகன் என்று ஒரு பெண்மணி. அயோவா மாகாணத்தில் கிரின்னல் என்ற சிற்றூரில் வளர்ந்து, அவ்வூர்க் கல்லூரியிலேயே படித்துப் பட்டம் பெற்றவர். இளம் வயதிலேயே கணவரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பிறகு மூத்த மகனையும் நோய்க்குப் பறிகொடுத்தார். எஞ்சிய குழந்தையைக் காப்பாற்ற வேலை தேடி, நாடகம் கற்று, 1925ல் வாஸர் கல்லூரிக்கு ஆசிரியையாக வந்தார். மறு வருஷம் ஓர் உதவித்தொகை பெற்று ஐரோப்பாவைச் சுற்றினார். சோவியத் நாட்டுக்கும் போனார். அங்கே நாடகம் ஜனங்களின் வாழ்வோடு கலந்திருந்ததைக் கண்ணால் கண்டு திரும்பினார். வாஸரில் ‘பரிசோதனை நாடக அரங்கம்’ ஒன்றை நடத்தினார்.

1930ல் அமெரிக்காவின் தென்பகுதியைக் கொடிய பஞ்சம் பிடித்தது. ஆர்கன்ஸா மாகாணத்தில் மழை பொய்த்து, பயிர் கருகி, குத்தகை விவசாயிகள் பட்டினி கிடந்தார்கள். 1931 ஜனவரியில் அங்கே இங்கிலாந்து என்ற பெயருடைய ஒரு சிறு நகரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் திரண்டு வந்து, “எங்கள் குழந்தைகளுக்குச் சோறு கொடுங்கள்” என்று கேட்டார்கள். நிவாரணம் கொடுக்க மனுப் படிவம் இல்லை என்று கையை விரித்தார்கள் நிவாரண உத்தியோகஸ்தர்கள். காகிதம் தீர்ந்துபோனது என்றால் வயிறு காத்திருக்குமா?

இந்தச் செய்தியை வைத்து விட்டேகர் சேம்பர்ஸ் என்பவர் ‘நியூ மாஸஸ்’ என்ற இடதுசாரிப் பத்திரிகையில் ஒரு கதை எழுதினார். (பின்னாளில் இவர் மறுபக்கம் தாவி, 1948ல் பழைய தோழர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். அது வேறு கதை.) ஹாலி பிளானகன் அந்தக் கதையைப் படித்தார். தம்மிடம் படித்த மார்கரெட் கிளிஃபோர்டுடன் சேர்ந்து அதை நாடகமாக்கி, 1931 மே மாதம் கல்லூரி மேடையில் ஏற்றினார்.

அந்த நாடகத்தில் ஒரு பக்கம் பட்டினி கிடக்கும் விவசாயக் குடும்பங்கள். மறுபக்கம் வாஷிங்டன் நகரில் ஒரு சட்டசபைப் பிரமுகர் தம் மகளுக்காகப் பெருந்தொகை செலவழித்து நடத்தும் நடன விருந்து. இரண்டும் ஒரே மேடையில், மாறி மாறி வந்தன. இடையிடையே உண்மைச் செய்திகளைத் திரையில் காட்டினார்கள். பார்த்தவர்கள் யார்? நடித்தவர்கள் யார்? அப்படிப்பட்ட விருந்துகள் நடக்கும் வீடுகளை நன்றாக அறிந்தவர்கள் அந்தக் கல்லூரியில் குறைவில்லை. தங்கள் வீட்டு விருந்தையும் பிறர் வீட்டுப் பட்டினியையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தியது நாடகம்.

நாடகப் படிப்பு என்ன செய்யும் என்று கேட்டவர்களுக்கு இது முதல் பதில். தான் அல்லாத ஒருவனின் தோலுக்குள் புகுந்து, அவன் பசியை அவன் வாயால் சொல்லிப் பார்க்கும் பயிற்சி அது. இந்தப் பயிற்சி பெற்றவர் எல்லோரும் நம் பக்கம் வந்துவிடுவார்களா? வரமாட்டார்கள். ஆனால் “எனக்குத் தெரியாதே” என்று கையைக் கழுவிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லாமற் போகும்.

இரண்டாவது பதில் இதைவிடப் பெரியது.

1929ல் வெடித்த பொருளாதார நெருக்கடியில் அமெரிக்காவின் ஆலைகள் மூடப்பட்டன. 1933ல் நான்கு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. நடிகர்களும், பாடகர்களும், மேடைத் தச்சர்களும், விளக்குத் தொழிலாளிகளும் தெருவில் நின்றார்கள். 1935ல் ரூஸ்வெல்ட் சர்க்கார் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தின் ஒரு பகுதியாக ‘பெடரல் தியேட்டர்’ என்ற நாடகத் திட்டத்தைத் தொடங்கியது. வேலைத் திட்டத்தின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ், அதே கிரின்னல் கல்லூரியில் படித்தவர். நாடகப் பகுதிக்குத் தலைமை தாங்க அவர் அழைத்தது பிராட்வே முதலாளி எவரையும் அல்ல. கல்லூரி ஆசிரியை ஹாலி பிளானகனை!

கல்லூரி மேடையில் கற்றது அப்போது நாட்டுக்குப் பயன்பட்டது. உச்ச நிலையில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் அந்தத் திட்டத்தில் சம்பளம் பெற்றார்கள். நான்கு ஆண்டுகளில் கோடிக்கணக்கான ஜனங்கள் நாடகம் பார்த்தார்கள். பெரும்பாலான காட்சிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. டிக்கெட் இருந்தாலும் கூலிக்காரன் கொடுக்கக்கூடிய விலைதான். நேரில் ஒரு நாடகத்தை வாழ்நாளில் பார்த்தே அறியாதவர்கள் முதல் தடவையாகப் பார்த்தார்கள். 1936ல் நியூயார்க் ஹார்லம் பகுதியில் கறுப்பு நடிகர்களே ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தை நடித்துக் காட்டி, “இவர்களுக்கு இது வருமா?” என்று ஏளனம் செய்தவர்களின் வாயை அடைத்தார்கள்.

அந்தத் திட்டத்தில் தழைத்ததுதான் ‘உயிருள்ள செய்தித்தாள்’ என்ற நாடக வகை. வேலையிழந்த பத்திரிகையாளர்கள் செய்திகளைத் திரட்ட, வேலையிழந்த நடிகர்கள் அதை நடித்தார்கள். 1936ல் வந்த ஒரு நாடகம் விவசாயச் சட்டத்தைப் பற்றியது. விலை விழாமல் இருக்க, விளைந்த பருத்தியை மண்ணோடு உழுது அழிக்கச் சர்க்கார் பணம் கொடுத்த காலம் அது. பணம் நிலச்சொந்தக்காரன் கைக்குப் போயிற்று; உழுத குத்தகைக்காரன் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டான். நகரத்தில் குழந்தைகள் பட்டினி, கிராமத்தில் பயிர் அழிப்பு. ஏன் இப்படி? நாடகம் அதை மேடையில் நின்று கேட்டது. 1937ல் வந்த இன்னொன்று, மின்சாரக் கம்பெனிகளின் கொள்ளையைப் பேசியது. 1938ல் வந்த மற்றொன்று, நகரத்துச் சேரி வீடுகளைப் பற்றியது. நான்கு மாடிக் கட்டிடத்தையே மேடையில் நிறுத்தி, அது தீப்பற்றி எரிவதைக் காட்டி, “இந்த வீட்டை இப்படி வைத்தவன் யார்? இதில் இலாபம் சம்பாதித்தவன் யார்?” என்று கேட்டது.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா?

1937 மே 30ந் தேதி சிகாகோவில் வேலை நிறுத்தம் செய்த உருக்குத் தொழிலாளிகள் மீது போலீஸ் சுட்டுப் பத்துப் பேரைக் கொன்றது. அந்தச் சூட்டோடு சூடாக, ஜூன் 16ந் தேதி நியூயார்க்கில் பெடரல் தியேட்டரின் இசை நாடகம் ஒன்று அரங்கேற இருந்தது. பெயர் ‘தி கிரேடில் வில் ராக்’. உருக்காலை நகரம் ஒன்றில் தொழிலாளிகள் சங்கம் அமைக்கும் கதை. எழுதி இசையமைத்தவர் மார்க் பிளிட்ஸ்டைன். கடைசி நேரத்தில், ஜூலை முதல் தேதி வரை புது நாடகம் எதுவும் கூடாது என்று உத்தரவு வந்தது. கொட்டகைக்குப் பூட்டு.

நாடகக் குழு என்ன செய்தது? இருபத்தொரு தெரு தள்ளி வேறொரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தது. ஜனங்கள் திரண்டு நடந்தே அங்கே போனார்கள். நடிகர்கள் மேடை ஏறக்கூடாது என்று அவர்களுடைய சங்கமே தடை விதித்திருந்தது. பிளிட்ஸ்டைன் தனியாக மேடையில் பியானோ முன் உட்கார்ந்து தாமே பாடத் தொடங்கினார். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல். ஆலிவ் ஸ்டான்டன் என்ற இளம் நடிகை, தான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே எழுந்து நின்று தன் பாட்டைப் பாடினார்! வாரத்துக்கு இருபத்துச் சொச்சம் டாலர் நிவாரணச் சம்பளம் ஒன்றே அவருக்கு ஆதாரம். அது போய்விடலாம் என்று தெரிந்தே எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். நாடகம் முழுவதும் ஜனங்களின் நடுவிலேயே நடந்தது. வேலை நிறுத்தத்தன்று முதல் ஆளாக ஆலை வாசலில் நின்றவருக்கு, ஆலிவ் ஸ்டான்டன் எழுந்து நின்ற அந்த நிமிஷத்தின் கனம் தெரியும்.

பிறகு விசாரணை வந்தது. டெக்ஸாஸ் மாகாணத்து மார்ட்டின் டைஸ் தலைமையில் ‘அமெரிக்க விரோத நடவடிக்கை’களை விசாரிக்கும் கமிட்டி. நாடகத் திட்டம் முழுவதும் கம்யூனிஸ்ட் மயம் என்று கூப்பாடு. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் பழகுகிறார்கள் என்பதுகூட ஒரு குற்றச்சாட்டு. 1938 டிசம்பர் 6ந் தேதி ஹாலி பிளானகன் கமிட்டியின் முன் நின்றார். அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் மார்லோ என்ற நாடகாசிரியரின் பெயர் வந்திருந்தது. ஸ்டார்ன்ஸ் என்ற அங்கத்தினர், அந்த மார்லோ ஒரு கம்யூனிஸ்டா என்று கேட்டார்! மார்லோ செத்து அப்போது 345 வருஷம் ஆகியிருந்தது. ஷேக்ஸ்பியருக்குச் சற்று முந்திய காலத்தின் மிகப் பெரிய நாடகாசிரியர் அவர் என்று பிளானகன் விளக்க வேண்டியதாயிற்று. சபை சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு யாருடைய வேலையையும் காப்பாற்றவில்லை. 1939 ஜூன் 30ந் தேதி அமெரிக்கப் பார்லிமெண்ட் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் மீண்டும் தெருவில் நின்றார்கள். நான்கு வருஷத்துக்கும் ஆன மொத்தச் செலவு சுமார் 4 கோடியே 60 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் ஒரு போர்க்கப்பல் கட்டும் செலவு!

உண்மையை மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். ஹாலி பிளானகன் கம்யூனிஸ்ட் அல்ல. தொழிலாளர் வழக்குகளைப் பற்றிய ஒரு நாடகம் ஒருதலைப்பட்சமாக இருக்கிறதென்று அவரே கண்டித்ததும் உண்டு. அவர் செய்ததெல்லாம், நாடகம் உண்மையைப் பேச வேண்டும், அதைப் பாடுபடுகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதுதான். அந்த அளவு உண்மையையே முதலாளி உலகத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவின் பல சிறு கல்லூரிகள், காசு இல்லை என்று சொல்லி நாடகம் போன்ற பாடங்களைக் குறைக்கின்றன; சில கல்லூரிகள் மூடிவிட்டன. “இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” என்பதே அங்கும் கேள்வி. இந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பார்த்தீர்களா? கோடீஸ்வரன் மகனிடம் யாரும் கேட்பதில்லை. தொழிலாளியின் மகளிடம்தான் கேட்கிறார்கள். அவளுக்குச் சரித்திரம் வேண்டாம், இலக்கியம் வேண்டாம், நாடகம் வேண்டாம். மெஷினை ஓட்டத் தெரிந்தால் போதும் என்பதே அதன் அர்த்தம். முதலாளிக்கு வேண்டியது நம் கைகள் மட்டும். நம் தலையும் குரலும் அவனுக்கு வேண்டாதவை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கல்லூரி நாடகத் துறையில் நடிப்பு மட்டும் இல்லை. ஆணி அடிக்க வேண்டும், பலகை அறுக்க வேண்டும், துணி தைக்க வேண்டும், விளக்குக் கட்ட வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருடைய உழைப்பும் வீண். கையும் மூளையும் சேர்ந்து உழைக்க வேண்டிய பாடம் அது. அதன் அருமை தொழிலாளிக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். நாடகப் படிப்பு பணக்காரரின் சொத்தாக இருப்பது அந்தப் படிப்பின் குற்றமல்ல. அதைப் பூட்டி வைத்திருப்பவர்களின் குற்றம். பூட்டை உடைக்கச் சொல்வோம். வீட்டைக் கொளுத்தச் சொல்ல மாட்டோம். உங்கள் மகனோ மகளோ நாடகம் படிக்க ஆசைப்பட்டால், “கூத்தாடிப் பிழைப்பா?” என்று ஏசி அடக்காதீர்கள். “எங்கள் பசியையும் மேடையில் ஏற்று” என்று சொல்லி அனுப்புங்கள்.

அன்று கொட்டகையைப் பூட்டினார்கள்; ஜனங்களின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்து பாடினாள். அந்தக் குரல் நம் வீட்டுப் பிள்ளைகளின் தொண்டையிலும் இருக்கிறது. அதற்குப் பயிற்சி கொடுக்கும் கல்வி நம் உரிமை. சலுகையாக அல்ல, உரிமையாகவே கேட்போம்!