தப்பு தெரிஞ்ச இடத்துலயே பிரிச்சிடணும்

1/ எங்க ஊர் தளவாய்புரம், ராஜபாளையம் பக்கத்துல. நைட்டி தைக்கிறதுக்குப் பேர் போன ஊர். தெருவுல நடந்தா வீட்டுக்கு வீடு தையல் மிஷின் சத்தம் கேட்கும். எங்க அம்மாவும் பீஸ் ரேட்டுக்குத் தைச்சவங்கதான். நான் எம்பிபிஎஸ் படிச்சதுல அந்த மிஷினுக்குப் பெரிய பங்கு உண்டு.

2/ ஒரு நாள் ராத்திரி, முடிச்சு வச்ச நைட்டியை எடுத்து பிளேடால தையலைப் பிரிச்சுட்டு இருந்தாங்க. உள்பக்கத்துல ஒரு இடம் கோணலாப் போயிருச்சாம். "உள்பக்கம்தானேம்மா, யாரு பார்க்கப் போறா?"ன்னு கேட்டேன்.

"போட்டுக்கிற புள்ளைக்கு உறுத்தும்ல? தப்பு தெரிஞ்ச இடத்துலயே பிரிச்சிடணும்யா. வெட்கப்பட்டு மேல மேல தைச்சா உருப்படியே வீணாப் போயிரும்."

3/ பல வருஷம் கழிச்சு, அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு டிசம்பர் காலை. நீண்ட வரிசை. ஐம்பது வயசைத் தாண்டின ஒரு அம்மா வந்தாங்க. சர்க்கரை நோய் உண்டு. "நெஞ்சுக்குழி எரியுது சார். வாயுதான், மாத்திரை குடுங்க போதும்." நானும் பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

4/ அடுத்த சீட்டை வாங்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மா வாசல்ல நின்னு முந்தானையால கழுத்தைத் துடைச்சிட்டு இருந்தாங்க. அந்தக் குளிர்ல வேற யாருக்குமே வேர்க்கலை.

எழுதின சீட்டை எல்லார் முன்னாடியும் திரும்ப வாங்கக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்தது. "அம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். ஒரு இசிஜி எடுத்துடலாம், வாங்க"ன்னு கூப்பிட்டேன். மாரடைப்பு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்து 108-ல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டாங்க.

5/ இதயத்தின் கீழ்ப்பகுதி உதரவிதானத்தின் மேலே இருக்கு. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டா வலி மேல்வயிற்றில் தெரியலாம். சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதிச்சிருந்தா வலியே மட்டுப்பட்டுப் போகும். பெண்களுக்கு மூச்சு வாங்குறது, வாந்தி, காரணமில்லாத அசதி மட்டும்கூட அறிகுறியா வரலாம். வேர்வையோட வர்ற நெஞ்செரிச்சலை வாயுன்னு நீங்களே முடிவு பண்ணி சோடா குடிக்காதீங்க. "இசிஜி எடுங்க சார்"னு கேளுங்க. முதல் இசிஜி சரியா இருந்தும் தொந்தரவு தொடர்ந்தா, மறுபடியும் எடுக்கணும்.

6/ மேலே சொன்ன மூணு மருந்தும் 'இதயம் காப்போம்' திட்டத்துல 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயே கிடைக்குது. வீட்ல நீங்களா போட்டுக்கிறதுக்கு இல்லை. பக்கத்துல இருக்கிற நிலையத்துக்கு உடனே போறதுக்காக இதைச் சொல்றேன்.

7/ ஆனா அம்மாகிட்ட நான் கத்துக்க விரும்பாத பாடமும் ஒண்ணு உண்டு. அடிக்கடி எழுந்தா பீஸ் குறையும்னு தண்ணியே குடிக்க மாட்டாங்க. சிறுநீரை அடக்கியே வச்சிருப்பாங்க. எரிச்சல் வந்தா "சூடு"ன்னு மோர் குடிச்சுச் சமாளிப்பாங்க. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது.

"ஏம்மா சொல்லலை?" "உனக்கு டூட்டி இருந்துச்சுல்லய்யா."

8/ துணியில கோணல் தெரிஞ்சா அந்த ராத்திரியே பிரிச்சவங்க, உடம்பு கோணினதை மாசக்கணக்கா மூடி மறைச்சு வச்சிருக்காங்க. இதை நாம "தியாகம்"னு சொல்லிப் பெருமைப்படுறோம். டாக்டரா எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பயமா இருக்கு. தியாகம்னு பேர் வச்சுட்டோம்னா அப்புறம் யாரும் என்ன ஏதுன்னு கேட்கிறதே இல்லை. ஒரே வீட்ல இருந்த டாக்டர் மகன் நானே கேட்கலை.

9/ அன்னையர் தினத்துக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறதோட நிறுத்தாதீங்க. அம்மாவுக்கு பிபி, சுகர், ஹீமோகுளோபின் கடைசியா எப்போ பார்த்தோம்னு யோசிங்க. 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிபி, சுகர் பார்க்க வீட்டுக்கே வர்றாங்க. அந்த நேரத்துல "எனக்கு ஒண்ணுமில்லை"ன்னு அம்மா அடுப்படிக்குள்ள போனா, கையைப் பிடிச்சு உட்கார வைங்க.

10/ அம்மா இப்போ நல்லா இருக்காங்க. மிஷின் பக்கத்துல ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் வச்சிருக்கேன். டூட்டி முடிஞ்சு வந்ததும் முதல்ல அது காலியா இருக்கான்னுதான் பார்ப்பேன்.