டி.வி. வாங்கப் போறீங்களா? தாத்தாவையும் கூட்டிட்டுப் போங்க!

“ஏம்மா... அவன் இப்ப என்ன சொன்னான்?”

ராத்திரி ஏழரை மணிக்கு மேல் எங்கள் வீட்டு ஹாலில் இந்தக் கேள்வி எத்தனை தடவை எழும் என்பதற்குக் கணக்கே கிடையாது. கேட்பவர் என் மாமனார். வயது 76. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் சீரியலில் அடுத்த இரண்டு வசனம் ஓடியிருக்கும். “இப்ப என்ன சொன்னா?” என்பார். ரிமோட் அவர் கையில் இருந்தால் வால்யூம் 45. பத்தாவது படிக்கிற பெண் உள்ளே கதவைச் சாத்துவாள். மாமியார், “ஊருக்கே கேக்குது, உங்களுக்கு மட்டும் கேக்கலையா?” என்று ஆரம்பிப்பார்.

‘டி.வி. பழசாயிடுச்சு, ஸ்பீக்கர் போச்சு’ என்று முடிவு கட்டினோம். புதுசு வாங்கலாம் என்று கிளம்பினோம். யார் போனது? நானும், எங்க வீட்டுக்காரரும், பிள்ளைகளும். யாருக்காக வாங்கப் போனோமோ அவரை வீட்டில் விட்டுவிட்டு!

ஷோரூமில் நடந்ததுதான் எல்லோருக்கும் தெரியுமே. சுவர் முழுக்க கிளியும் மயிலும் பழங்களுமாகக் கண்ணைப் பறிக்கும் கலரில் ஓடிக்கொண்டிருந்தது. சேல்ஸ்மேன் தம்பி, “ஸார், ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 ஆயிடுச்சு, இப்ப பெருசா எடுத்துடுங்க” என்றார். (அது உண்மைதான். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து வரி குறைந்தது.) 65 இன்ச் எடுத்தோம். தவணைக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று.

வீட்டில் மாட்டிய முதல் நாளே, “ஏம்மா, என்ன சொன்னான்?” ஒரு வாரம் பார்த்தார். அப்புறம் ஏழரை மணியானால் மாமா ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தன் ரூமில் லைட்டைக்கூடப் போடாமல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். “தூக்கம் வருதும்மா” என்பார். ஏழரை மணிக்கு என்ன தூக்கம்!

என் மனசு கேட்கவில்லை. காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆடியோகிராம் எடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. வயதானவர்களுக்குக் காது மொத்தமாக மந்தமாவதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரெழுத்துச் சத்தம் தாழ்ந்த ஒலி. கனமாக வரும், கேட்டுவிடும். ‘ச’, ‘த’, ‘ட’, ‘க’ மாதிரி மெய்யெழுத்துச் சத்தங்கள் மெல்லிசு, பெரும்பாலும் உயர்ந்த ஒலி, அவைதான் நழுவும். ஆக, யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். பேசியது கட்டா, பட்டா, தட்டா என்று தெரியாது. வால்யூமைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அதே காதுக்கு இரைச்சல் தாங்காது. ‘கேக்கல, கேக்கல’ என்றவரே அடுத்த நிமிஷம் ‘எதுக்கு இப்படிக் கத்துது?’ என்று எரிந்து விழுவது வீம்பினால் அல்ல.

இதை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. காது கேளாமை அதில் ஒன்று. ஒதுங்கித் தனிமையில் இருப்பதும் ஒன்று. மாமா இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்திருந்தார்.

சரி, டி.வி.க்கு வருவோம். 1980-களில் வாங்கிய, ஷட்டர் வைத்த மரப்பெட்டி டி.வி. ஞாபகம் இருக்கிறதா? ஸ்பீக்கர் எங்கே இருந்தது? திரைக்குப் பக்கத்திலேயே, நம் முகத்தைப் பார்த்து. இப்போது வருகிற டி.வி. ரொட்டி மாதிரி மெலிசு. ஸ்பீக்கர் வைக்க முன்னால் இடம் ஏது? பெரும்பாலும் அடியில் தரையைப் பார்த்தோ, பின்னால் சுவரைப் பார்த்தோ வைத்துவிடுகிறார்கள். வசனம் சுவரில் முட்டிக் குழம்பித்தான் நம்மிடம் வருகிறது. படம் நாற்பது வருஷத்தில் எங்கேயோ போய்விட்டது. பேச்சு மட்டும் பின்னோக்கிப் போயிருக்கிறது. அட்டைப்பெட்டியில் ‘20 வாட்ஸ்’, ‘40 வாட்ஸ்’ என்று போட்டிருப்பது சத்தம் எவ்வளவு வரும் என்பதற்குத்தான். தெளிவுக்கு அது சாட்சி இல்லை.

அதனால் என் கட்சி இதுதான். டி.வி.யைக் காதால் பார்த்து வாங்க வேண்டும். வீட்டிலேயே மூத்தவரின் காதால்! அவரை ஆட்டோ வைத்தாவது கடைக்கு அழைத்துப் போங்கள். கிளி, மயில் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு தமிழ்ச் செய்தியோ, இரைச்சலான இசையோடு வருகிற ஒரு சீரியல் காட்சியோ போடச் சொல்லுங்கள். அவரை ஏழெட்டு அடி தள்ளி உட்கார வைத்து, “என்ன சொன்னாங்க?” என்று இந்த முறை நீங்கள் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். பணம் நம்முடையது.

அப்படியே ஒலி செட்டிங்கைத் திறந்து, பேச்சை மட்டும் தூக்கிக் காட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதைவிட முக்கியமான இன்னொன்றைச் சேல்ஸ்மேன் தானாகச் சொல்ல மாட்டார்: ப்ளூடூத் ஹெட்போனிலும், டி.வி. ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் சத்தம் வருமா? பல டி.வி.க்களில் ஹெட்போனை இணைத்தவுடன் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். தாத்தா கேட்டால் பாட்டிக்குக் கேட்காது! இரண்டும் சேர்ந்து வருகிற டி.வி.யாக இருந்தால் அவரவர் காதுக்கு அவரவர் வால்யூம். இதைப் போட்டுக் காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை மற்றவர்கள் காதும் காதுதான். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் வரம்பு. ஹெட்போன் மாட்டினாலும் அப்படியே.

இன்ச் விஷயத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. திரையின் மூலைக்கு மூலை அளவை 1.6-ஆல் பெருக்கினால் வசதியாக உட்கார வேண்டிய தூரம் வரும். 43 இன்ச்சுக்குச் சுமார் ஐந்தே முக்கால் அடி; 55-க்கு ஏழே கால் அடி; 65-க்கு எட்டே முக்கால் அடி. எங்கள் ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே ஆறரை அடி! 43 தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் முன்பக்கம் பார்த்து ஒலிக்கிற ஒரு சவுண்ட் பார் வாங்கியிருக்கலாம். இதில் இன்னொரு கூத்து, ஷோகேஸ் மறைக்குமே என்று டி.வி.யை உத்தரம் உயரத்தில் மாட்டிவிட்டோம். பத்தே நாளில் எனக்குக் கழுத்து வலி. திரையின் நடுப்பகுதி உட்கார்ந்திருக்கும்போது நம் கண் மட்டத்துக்கு வருவதுதான் கழுத்துக்கு நல்லது.

நம் வீடுகளில் எல்லோரும் டி.வி.க்கு நேரே உட்காருவதும் இல்லை. ஒருவர் தரையில் கீரை ஆய்ந்துகொண்டு, ஒருவர் டைனிங் டேபிளில். ஆகவே கடையில் பக்கவாட்டில் நகர்ந்து நின்று, கலர் வெளுக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்தவுடன் கடையில் ஓடிய அந்தப் பளீர் கலரை மாற்றி ‘சினிமா’ மோடுக்கு வைத்துவிடுங்கள், கண்ணுக்கு இதம். பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ‘கிட்டப் போய்ப் பார்த்தா கண்ணு கெட்டுடும்’ என்று பிள்ளைகளை மிரட்டுவோமே, அநேகமாக அது தலைகீழ். பார்வை சரியில்லாத குழந்தைதான் கிட்டப் போய் உட்காரும். திட்டாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக மொழி. மெனு தமிழில் வருமா, ரிமோட் மைக்கில் தமிழில் சொன்னால் புரிந்துகொள்ளுமா என்று பெரியவரையே பேசச் சொல்லிச் சோதியுங்கள். “நியூஸ் போடு” என்று அவர் சொல்லி, அது போட்டுவிட்டால் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்றும் பாருங்கள். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம். ஓ.டி.டி.யில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் சப்டைட்டில் ஓடுகிறது. தமிழ் பேசுகிற, தமிழ் படிக்கத் தெரிந்த, ஆனால் காது மந்தமான என் மாமனார் போன்றவர்களை யாருமே நினைத்துப் பார்க்கவில்லையா?

எங்கள் 65 இன்ச்சைத் திருப்பியா கொடுக்க முடியும்? கீழே இறக்கி மாட்டினோம், ஒரு சின்ன சவுண்ட் பார் வாங்கினோம். மாமாவுக்குக் காது மெஷினும் வந்தாயிற்று. வெளியே கிளம்பும்போது மட்டும் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார். “கோயில்ல நாலு பேர் பார்ப்பாங்கம்மா” என்கிறார். ஏழரை மணிக்கு ஹாலுக்கு வருகிறார், வால்யூம் 16. நேற்று செய்தி பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்தப் பொண்ணுக்கு ‘ழ’ வரலையே, கவனிச்சியா?”