குறட்டை விட்டா நல்ல தூக்கமா? சிவகாசி கவனிக்க வேண்டியது என்ன?

சிவகாசியில் பட்டாசு மருந்து கலப்பவர் ஒரு நொடி கண் அசந்தாலும் ஆபத்து. தீப்பிடிக்க உராய்வே போதும். ராத்திரி முழுக்கத் தூங்கியும் பகலில் கண் சொக்குதா? கூடவே பலத்த குறட்டையும் இருந்தால், அதை வேலை அலுப்பு என்று விட்டுடாதீங்க. ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ தடைபடும். மூளை திடுக்கிட்டு எழுப்பும். இது இரவெல்லாம் தொடரும். இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இருக்கலாம் என்கிறது 2023-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு.

தூங்குபவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் கவனிச்சுச் சொல்லணும்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி இடங்களில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் முதலில் காட்டலாம். தூக்கப் பரிசோதனையில் உறுதியானால், மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பேப் கருவி உதவும். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. மூச்சுத் தடை மோசமாகலாம்.