மூப்பு ஒரு நோயன்று

ஹட்டன், நுவரெலியாப் பகுதிப் பள்ளிகளில் கற்பிக்கும் எவரும் இதை அறிவர். மாணவன் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து, "பாட்டி செத்துப் போச்சுங்க சார்" என்கிறான். என்ன நோய் என்று கேட்டால், "வயசாயிருச்சுங்க" என்பதே விடை. மேலும் இரண்டு கேள்வி கேட்டால் உண்மை வெளிப்படும். கன்னத்தின் உட்புறம் பல மாதமாக ஆறாத புண். முதலில் காரம் ஏற்கவில்லை. பிறகு வாய் திறக்கவில்லை. கடைசியில் கஞ்சியும் இறங்கவில்லை. மூப்பா இது? வாய்ப் புற்றுநோயின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டான் அந்தச் சிறுவன். பதிவேட்டுக்கு மட்டும் அது தெரியவில்லை.

தோட்டத்தில் நேரும் சாவு, தோட்ட நிருவாகத்தின் அறிக்கை வழியே மாவட்டப் பதிவாளரைச் சேர்கிறது. வைத்தியசாலையில் உயிர் பிரிந்தால் காரணத்தை மருத்துவர் எழுதுவார். லயத்துக் காம்பிராவில் பிரிந்தாலோ, வீட்டார் வாய்மொழியே பெரும்பாலும் காரணமாகிவிடும். "முதுமை" என்று ஒரு சொல் விழும். அந்த ஒரு சொல்லால் தோட்டக் கம்பெனி குற்றமற்றதாகிறது, அரசு குற்றமற்றதாகிறது, பார்த்துக்கொண்டிருந்த நாமும் குற்றமற்றவர்களாகிறோம். ஆகவேதான் அந்தச் சொல்லோடு நாம் வழக்காட வேண்டியிருக்கிறது.

கற்றறிந்த நண்பர் சிலர் இங்கே குறுக்கிடுவர். "புற்றுநோய் முதியோர் நோய். ஆயுள் நீண்டது, ஆதலின் புற்றும் பெருகியது. இதில் யாரை நோவது?" என்பர். இது பாதி உண்மை. பாதி உண்மையைப்போல் வசதியான பொய் வேறில்லை. முதியோர் தொகை பெருகினால் புற்றால் மாள்வோர் தொகையும் பெருகும் என்பது மெய்தான். ஆனால் அறுபத்தைந்து வயதினரை முன்னைய தலைமுறையின் அறுபத்தைந்து வயதினரோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? அமெரிக்காவில் வயதைச் சமன்செய்து கணக்கிட்ட புற்றுநோய் இறப்பு வீதம் 1991 வரை ஏறி, அதன்பின் இறங்கி, இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. புகைபிடித்தல் குறைந்ததே அதற்கு முதற்காரணம். இரைப்பைப் புற்றோ, பெரிய மருந்து எதுவும் வருமுன்பே, உணவைக் கெடாமல் காக்கும் வசதி பரவியதோடு நாடு நாடாக இறங்கிற்று. அந்த மக்களுக்கும் வயதாகவே செய்தது. ஆயினும் சாவு குறைந்தது. அப்படியானால் கொல்வது வயதன்று. வயதோடு சேர்ந்து வந்த வேறொன்று.

முதியோர் கணக்கில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1981-இல் புற்றுநோயின் காரணங்களை ஆராய்ந்தபோது, காலப்போக்கைக் கணிப்பதற்கு அறுபத்தைந்துக்கு உட்பட்டோரின் சாவுகளையே பெரிதும் நம்பினர். ஏனெனில் முற்காலத்தில் முதியோரை மருத்துவர் துருவிச் சோதிக்கவில்லை, பிற்காலத்தில் சோதித்தனர். நோய் கூடாமலே எண்ணிக்கை கூடிற்று. நம் மலைநாட்டுக்கு இந்தப் பாடத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். கிழவியின் வாய்க்குள் ஒருவரும் பார்க்காத இடத்தில், எண்ணிக்கை குறைவு என்பது நோய் குறைவு ஆகாது. அது பார்வைக் குறைவு.

கொல்வது எது என்பதில் ஐயமில்லை. இலங்கை ஆண்களிடையே காணும் புற்றுகளில் வாய்ப் புற்றே முதலிடத்தில் நிற்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலையை மெல்வது புற்று விளைவிக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1985-இலேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே அத்தீங்கைச் செய்யும் என்ற முடிவு 2004-இல் நூலாக வெளிவந்தது. மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாயைச் சோதித்த ஆய்வொன்றும் 2007-இல் வெளியாயிற்று. அறிவு குறைவில்லை. அறிவு மலையேறி லயத்துக்கு வரவில்லை; அவ்வளவுதான்.

"அப்படியானால் மெல்லுகிறவர்கள் குற்றம்தானே?" என்பர் நண்பர். அவர்களை ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்துக்கு அழைக்கிறோம். பனியில் நனைந்த படங்கைச் சுற்றிக்கொண்டு, சரிவில் ஏறி, கூடையில் கொழுந்து நிறையும் வரை நிற்கும் பெண்ணுக்குக் குளிரையும் பசியையும் சோர்வையும் ஒருங்கே மறக்கச் செய்யும் மலிவான பொருள் எது? மடியில் கட்டியிருக்கும் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலைத் துண்டுமே. 1973, 74-இல் தோட்டங்களில் பஞ்சம் சூழ்ந்து மக்கள் பட்டினியால் மடிந்தனர். அன்று பதினைந்து வயதில் பசியை வெற்றிலையால் அடக்கிய சிறுமிக்கு இன்று அறுபத்தைந்து கடந்துவிட்டது. புற்று ஒரு நாளில் முளைப்பதன்று. பல்லாண்டு மென்றது பிற்காலத்தில் புண்ணாகிறது. இன்றைய முதியோரின் சாவில் ஒரு பங்கு, அன்றைய கூலியின் பற்றாக்குறை பிந்திக் கேட்கும் கடன். அந்தக் கடனைக் கட்டுகிறவர், வாங்கியவரல்லர்.

கட்ட வேண்டியவர்களோ கணக்கை மூடிவிட்டார்கள். உழைக்கும் வரை தொழிலாளிக்குச் செக்ரோலில் பெயர் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரையாவது உண்டு. வயது முடிந்து பெயர் நீங்கியபின், மகன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் அந்த மனுஷியை யார் தேடி வருவர்? நோய் முற்றியபின் கண்டிக்கோ மஹரகமவுக்கோ போகச் சொல்வார்கள். பஸ் கூலி, கூடப் போகிறவரின் ஒரு நாள் சம்பளம், மொழி புரியாத வரிசை, மீண்டும் வரச் சொல்லும் தேதி: இத்தனையும் சேர்ந்து, "வயசான காலத்துல எதுக்கு அலைச்சல்" என்று அவளே சொல்லும்படி செய்துவிடுகின்றன. அதை அவளது விருப்பம் என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

மாற்ற முடியாததா இது? கடல் கடந்து நெடுந்தூரம் போக வேண்டாம், கேரளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய சோதனை ஒன்றில், மருத்துவரல்லாத, பட்டம் பெற்ற களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று, முப்பத்தைந்து வயது கடந்தோரின் வாயை வெளிச்சத்தில் பார்த்தனர். வெண்படலம், செம்படலம், ஆறாத புண் கண்டவரை மருத்துவரிடம் அனுப்பினர். இதன் பயன் 2005-இல் வெளியாயிற்று: புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப் புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு கைவிளக்கும் பயிற்சி பெற்ற இரு கண்களும் செய்த வேலை இது. வீட்டில் நேரும் சாவின் காரணத்தை அறியவும் வழி உண்டு. இந்தியாவில் பத்து இலட்சம் சாவுகளை ஆராயும் திட்டத்தில், களப்பணியாளர் வீட்டாரிடம் நோய்க்குறிகளைக் கேட்டு எழுதினர். மருத்துவர் அவற்றைப் படித்துக் காரணம் குறித்தனர். நம் மாணவன் இரண்டு கேள்வியில் சொன்னதைப் பதிவாளரும் கேட்டு எழுதலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சட்டம் இல்லாமலும் இல்லை. மெல்லும் புகையிலைப் பொருள்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்கும் ஒழுங்குவிதிகள் 2016-இல் வந்தன. தோட்டத்துக் கடை வாசலில் நின்று பார்த்தால் அவற்றின் வலிமை விளங்கும்.

முற்போக்காளராகிய நம் குற்றத்தையும் மறைக்க வேண்டாம். கூலிக்குக் குரல் கொடுத்தோம், குடியுரிமைக்குக் குரல் கொடுத்தோம், அவை சரியே. ஆயின் கூட்டு ஒப்பந்த மேசையில் முதியவரின் வாய்ப்புண் ஒரு விடயமாக எத்தனை முறை எழுந்தது? மேடையில் தாம்பூலம் வைத்து வரவேற்கப்பட்டு, அதை மென்றபடியே விடுதலை பேசிய நாம், நம் வாயையே பார்த்துக்கொள்ளவில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. முப்பத்தைந்து வயது கடந்த தோட்ட மக்கள் அனைவருக்கும், ஓய்வுபெற்றோர் உட்பட, லயத்துக்கே வந்து ஆண்டுதோறும் வாய்ச் சோதனை நடத்த வேண்டும். சந்தேகம் கண்டவருக்கும் துணைபோகிறவருக்கும் பயணச் செலவும் அன்றைய சம்பளமும் கம்பெனி கொடுக்க வேண்டும். வீட்டுச் சாவு ஒவ்வொன்றுக்கும் நோய்க்குறி கேட்டுக் காரணம் எழுத வேண்டும். அந்தக் கணக்கை வயதுவாரியாக, தோட்டப்புறத்துக்கெனத் தனியே வெளியிட வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதி காகிதத்திலிருந்து கடைக்கு இறங்க வேண்டும். ஆசிரியராகிய நாமோ, பதினைந்து வயதில் மெல்லத் தொடங்கும் மாணவனைக் கண்டும் காணாததுபோல் இருப்பதை இன்றே நிறுத்த வேண்டும்.

1940-இல் முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். அவன் பெயரை மலையகம் இன்றும் சொல்கிறது. ஏனெனில் அவன் எதனால் செத்தான் என்பதை அனைவரும் அறிவர். காரணம் தெரிந்த சாவு வழக்காகும். காரணம் மறைந்த சாவு விதியாகிவிடும். நம் கிழவிகளின் சாவை விதியின் கையிலிருந்து மீட்டெடுக்க முதல் வேலை ஒன்றே: அந்தப் பதிவேட்டில் உண்மைப் பெயரை எழுதச் செய்வது.