தவளமும் ஒரு படைதான்

கணினி விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சுளிக்கட்டும். நம் பிள்ளைகள் வரலாற்றை எங்கே கற்கிறார்கள் என்பது தெரியாமல் அவர்களுக்கு வரலாறு கற்பிப்பவன் நான். பரீட்சைக்கு மூன்று வரி மனனம் செய்துவிட்டு, மிச்சத்தைக் கைபேசியிலும் கணினியிலும்தான் கற்கிறார்கள்.

விடயம் இதுதான். பதுளைப் பக்கத்தில் படிக்கும் பையன்கள் சிலரும் படிப்பை முடித்து வெளியேறிய சிலரும் சேர்ந்து ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்துக்கு ஒரு ‘மொட்’ செய்கிறார்கள். மொட் என்றால், கம்பனி விற்ற விளையாட்டின் தரவுக் கோப்பைத் திறந்து, அதில் இல்லாத நாட்டையும் படையையும் நாமே சேர்ப்பது. 1999இல் வெளிவந்த விளையாட்டு இது. இந்தியர் என்றொரு நாகரிகம் அதில் 2013இல் சேர்ந்தது. 2022இல் அதைப் பிரித்துத் திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று புதியவர்களைக் கொண்டுவந்தார்கள். திராவிடருக்கு உறுமி வாள் சுழற்றும் வீரனும் ‘திரிசடை’ என்றொரு கப்பலும் கிடைத்தன. கண்டி இராச்சியம் கிடைக்கவில்லை. அதைத்தான் இந்தப் பையன்கள் செய்யப் புறப்பட்டார்கள். முஸ்லிம் பையன்கள், சிங்களப் பையன்கள், லயத்துப் பையன்கள் என எல்லோரும் இருக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நம்மவர்கள் சிலர் என்னிடம் வந்து சொன்ன யோசனையே இந்தக் கட்டுரைக்குக் காரணம். “முஸ்லிம் படைப்பிரிவு ஒன்று கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள் சேர். அரசனைக் காத்த வீரர்களாக இருக்க வேண்டும். பங்கரகம்மனைக் கதையையும் போடச் சொல்லுங்கள்.” பங்கரகம்மனைக் கதை ஊவாவில் நாம் எல்லோரும் அறிந்ததுதான். போர்த்துக்கேயர் துரத்திவந்தபோது இரண்டாம் இராஜசிங்கனை ஒரு முஸ்லிம் பெண் மறைத்துவைத்தாள். காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்டு மாண்டாள். அவளுடையது தன்னைக் காத்த இரத்தம் என்று அரசன் போற்றினான். இதுதான் கதை. மேடை கிடைத்தால் இதைச் சொல்லாத நம் அரசியல்வாதி யார்? அளுத்கமை (2014) நடந்த பிறகும் சொன்னார்கள், திகன (2018) எரிந்த பிறகும் சொன்னார்கள். வீடு எரிகிறபோது நானூறு வருடத்துக்கு முந்திய நன்றிச் சான்றிதழை நீட்டுவது எனக்குச் சகிக்கவில்லை. அந்தப் பெண்ணின் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதை அடையாள அட்டையாக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதைத்தான் சொல்கிறேன். இப்போது பையன்கள் விளையாடும் விளையாட்டிலும் அந்த அட்டையை ஒட்டச் சொல்கிறார்கள்!

சரியான வரலாற்றுப் படை வேண்டுமென்றால் தலைப்பாகையின் நிறத்தைச் சரியாகத் தீட்டினால் போதாது. யார் யாருக்காகச் சண்டை பிடித்தார், யார் பாதியில் மாறினார், யார் சோறு கொண்டுவந்தார் என்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் எங்கள் மாகாணத்தையே எடுங்கள். 1630இல் வெல்லவாய அருகே ரந்தெணிவெலவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அழிந்தான். பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் அவனுக்கு அந்த முடிவு வந்தது. அவனோடு வந்த போர்த்துக்கேயர் சில நூறு பேர்தான். படையின் பெரும்பகுதி கரையோரத்துச் சிங்கள லஸ்கரின்கள். சண்டை சூடு பிடித்தபோது அந்த லஸ்கரின்கள் கண்டிப் பக்கம் மாறிவிட்டார்கள். மழையும் சேர்ந்துகொண்டது. திரி நனைந்த துவக்கு வெறும் தடிதானே! விளையாட்டில் நீலப்படை கடைசிவரை நீலமாகவே இருக்கும், சிவப்பு சிவப்பாகவே சாகும். எதிரியின் ஆளைத் தன் பக்கம் இழுக்க ஒரு பிக்குவோ பாதிரியோ மந்திரம் ஓத வேண்டும். ரந்தெணிவெலவில் மந்திரம் ஓத யாரும் இருக்கவில்லை. முதலியார்கள் முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள். இதைச் செய்ய வழி உண்டாம். காட்சி அமைக்கும் கருவியில் ‘உரிமை மாற்றம்’ என்றொரு கட்டளை இருக்கிறது. குறித்த நேரத்தில் ஒரு படைப்பிரிவு முழுவதும் நிறம் மாறிவிடும். பையன்கள் அதைச் செய்து காட்டினார்கள். ‘சிங்களப் படை’, ‘அந்நியப் படை’ என்று இரண்டு பெட்டி வைத்திருந்தவன் அந்த நிமிடமே பெட்டியை மூட வேண்டியதுதான்.

இனி நம்மவர்களுக்கு வருவோம். 1803இல் கண்டி நகரில் மேஜர் டேவியின் கீழ் இருந்த ஆங்கிலப் படையில் மலாயர் இருந்தார்கள். அவர்களை எதிர்த்துத் தாக்கிய கண்டிப் படையிலும் மலாயர் இருந்தார்கள். அரசனுக்காகப் போரிட்ட மலாயத் தலைவன் சங்குங்லோ அந்தத் தாக்குதலில் மாண்டான். ஆங்கிலேயர் பக்கத்திலிருந்த மலாயக் கப்டன் நூருத்தீனைப் பிடித்துத் தன் பக்கம் சேரச் சொன்னான் அரசன். அவன் மறுத்தான், கொல்லப்பட்டான். இருவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். இதில் எவனை நம் ‘விசுவாசப் படைப்பிரிவு’ ஆக்குவீர்கள்? சங்குங்லோவையா, நூருத்தீனையா? என்னைக் கேட்டால் இருவரையும் வைக்க வேண்டும், வெவ்வேறு நிறத்தில்.

இதைவிட நெருடலானது வெல்லஸ்ஸ. ஆங்கிலேயர் அங்கே ஹாஜி மரிக்கார் என்ற சோனகரை முகாந்திரமாக நியமித்தார்கள். அதுவரை அந்தப் பகுதியில் அதிகாரம் செலுத்திய சிங்களத் தலைவர்களுக்கு அது பெரிய அவமானம். 1817–18 கிளர்ச்சிக்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. புதிதாக முளைத்த உரிமைகோரியைப் பிடிக்க ஹாஜி மரிக்கார் அனுப்பப்பட்டார். கிளர்ச்சிக்காரர் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். தேடிப் போன பதுளை அதிகாரி வில்சனும் 1817 செப்டம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டார். நம் மேடைகளில் பங்கரகம்மனைப் பெண் வருவாள், ஹாஜி மரிக்கார் வரமாட்டார். நம்மை வெறுப்பவர்களின் மேடையில் ஹாஜி மரிக்கார் மட்டுமே வருவார். இரண்டு மேடையும் ஒரே தச்சன் செய்தவை.

அந்தக் கிளர்ச்சியின் அரசனாக எழுந்தவன் யார்? வில்பாவே என்ற சிங்களவன், முன்னாள் பிக்கு. அவன் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டான்? நாயக்கர் அரச குடும்பத்துத் துரைசாமி என்று. சிங்களக் கிராமங்கள் ஒரு துரைசாமியை அரசனாக ஏற்று எழுந்தன! அவனை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சியில் சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. மண்டையோடு எடின்பரோவுக்குப் போய் 1954இல்தான் திரும்பி வந்தது. கெப்பெட்டிபொலவுக்குக் குதிரையும் வாளும் கொடுத்து வீரனாக்குவது சுலபம். பையன்கள் செய்தும்விட்டார்கள். ஆனால் துரைசாமியாக நடித்தவனும் ஹாஜி மரிக்காரும் இல்லாத வெல்லஸ்ஸ வரைபடம் பொய் வரைபடம்.

என் உண்மையான வழக்கு இன்னொன்று. வீரனாக ஏன் இவ்வளவு துடிக்கிறோம்? கண்டி இராச்சியத்தில் சோனகரின் பெரிய வேலை ‘மடிகே பத்த’ என்ற போக்குவரத்துத் திணைக்களத்தில் இருந்தது. மாட்டின் முதுகில் பொதி ஏற்றி, வண்டி போகாத கணவாய்களில் நடத்திப்போகும் தவளம். 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. மலைநாட்டுக்கு உப்பு எங்கிருந்து வரும்? கரையிலிருந்து, தவளத்தில். பாக்கு இறங்கும், உப்பும் கருவாடும் புடவையும் ஏறும். உப்பில்லாத படை எத்தனை நாள் காட்டில் ஒளிந்திருக்கும்? இதைச் சொன்னால் “மாடு மேய்த்தோம் என்று காட்டவா சேர்?” என்கிறார்கள். ஆம், காட்டத்தான். கலாநிதி லோனா தேவராஜா 1994இல் எழுதிய முஸ்லிம்கள் பற்றிய நூலைப் பாராட்டிப் பேசுவோரில் பலர், அதிலுள்ள தவளத்தைத் தாண்டி அரண்மனைக்குள் ஓடிவிடுகிறார்கள். அரண்மனையில் நமக்கு இடம் இருந்தது உண்மை. ஆனால் நம் பாட்டன்மாரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அரண்மனை வாசலைக்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

கண்டிச் சிப்பாயும் சீருடை போட்டு அணிவகுத்தவன் அல்லன். இராஜகாரிய முறைக்குக் கட்டுப்பட்டுச் சொந்தச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு வந்த கமக்காரன். ரொபர்ட் நொக்ஸ் 1681இல் எழுதியதைப் பாருங்கள். தாளிப்பனை ஓலைதான் அவனுடைய குடை, அதுவே அவனுடைய கூடாரம். கணவாய்களில் முள்வாசல் கட்டிக் காவல் இருந்தான். வெட்டவெளியில் நின்று மோதாமல் பதுங்கி அடித்தான். மரக்காலில் நிற்கும் ‘கொடித்துவக்கு’ என்ற சிறு பீரங்கியைத் தோளில் தூக்கிப்போய்ப் புதருக்குள் வைத்தான். மொட்டில் அவனுக்குத் தங்கக் கவசம் மாட்டிவிட்டிருந்தார்கள். ஓலையை மாட்டச் சொன்னேன். மாட்டினார்கள். அழகாகத்தான் இருக்கிறது.

லயத்துப் பையன் ஒருவன் கேட்டான்: “சேர், எங்க ஆக்களுக்கு ஒண்ணுமில்லையா?” நியாயமான கேள்வி. அவனுடைய பூட்டன் கோப்பிக் காலத்தில் வந்தவர், 1818க்குப் பிறகு. ஆகவே கண்டிப் படையில் அவரைச் செருக முடியாது. செருகினால் அதுவும் பங்கரகம்மனை வேலைதான். ஆனால் 1818இல் ஆங்கிலேயருக்கு உதவிப்படை மதராசிலிருந்து வந்தது. கண்டி அரசனின் நாயக்க உறவினர்களும் காவலர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஆக, தமிழ் பேசியவர்களும் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். இரண்டு பக்கத்திலும் பெயரில்லாத சுமைதூக்கிகள் இருந்தார்கள். விளையாட்டில் அவர்களுக்கு ‘கிராமத்தான்’ என்று பெயர். சண்டை அவனுடைய வேலை அல்ல. அவன் இல்லாவிட்டால் சண்டையே இல்லை.

காய்ச்சலையும் விடக்கூடாது. 1818இல் ஆங்கிலேயர் பக்கம் சுமார் ஆயிரம் பேர் இறந்ததாகவும், அதில் பெரும்பகுதி நோயாலென்றும், நாட்டு மக்கள் பக்கம் பத்தாயிரம் பேர் என்றும் கணக்கிட்டார் அன்று இங்கிருந்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவி. வயல்களை எரித்தார்கள், கால்நடைகளைக் கொன்றார்கள். பத்தாயிரம் பேரும் வாள் வெட்டிலா இறந்தார்கள்? நிமிடத்துக்கு இவ்வளவு என்று உயிர்ப்புள்ளி தானாகக் குறையும்படி அமைக்க முடியும். அமைத்தால் விளையாட்டு சலிப்பாகிவிடும் என்கிறார்கள் பையன்கள். சலிக்கட்டும் என்கிறேன். இதில் இன்னும் எங்களுக்குள் இழுபறி.

யோசனை சொல்ல வந்த நண்பர்களுக்கு என் பதில்: அரசனைக் காத்த படைப்பிரிவு செய்யப்போவதில்லை. செய்வது தவளம். பத்து மாடு, இரண்டு ஆள், ஒரு நாய். தாக்கும் வலு பூச்சியம். அது கணவாயைக் கடந்து சேர்ந்தால் அந்தப் பக்கத்துப் படைக்கு உணவு ஏறும், சேராவிட்டால் ஏறாது. அதை வெட்ட வருபவன் எந்த நிறத்தவனாகவும் இருக்கலாம். சொடுக்கினால் தவளக்காரன் தமிழில் பதில் சொல்வான், வாசலில் நிற்கும் காவலனிடம் சிங்களத்தில் பேசுவான். குரல் பதிவுக்கு ஆள் தேடுகிறோம். பழைய பொதிமாட்டுச் சேணம் யாருடைய வீட்டுப் பரணிலாவது கிடந்தால் தெரியப்படுத்துங்கள். படம் வரைகிற பையனுக்குப் பொதி எந்தப் பக்கம் தொங்கும் என்பது இன்னும் சரியாக வரவில்லை.